மணவோலையும் கடவுச்சீட்டும்

பட்டினப்பாக்கம், சாந்தோம், மயிலாப்பூர் வட்டாரத்துப் பங்குகளில் மணவோலை எழுத வரும் இளையோர் முன்பெல்லாம் பூசை நேரத்தையும் பாடற்குழுவையும் பற்றியே குருக்களிடம் கேட்பர். இப்போது கேட்கப்படும் கேள்வி வேறு. "சாமி, இங்கே கோயிலில் கலியாணத்தை முடித்துக்கொண்டு, மனைவி என்று விசாவுக்கு எழுதிப் போடுவதா? இல்லை, நிச்சயம் செய்த பெண் என்று விசா வாங்கிக்கொண்டு போய் அங்கேயே முடித்துக்கொள்வதா? எது சீக்கிரம் ஆகும்?"

நாம் விசா தரகர் அல்லர். எனினும் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலவில்லை. அமெரிக்க நாட்டுக் குடிமகனை மணக்கச் செல்லும் பெண்ணுக்குக் 'கே-1' என்றொரு விசா உண்டு. அதைப் பெறுகிறவள் மணமாகாதவளாய்க் கப்பலோ வானூர்தியோ ஏற வேண்டும். போய்ச் சேர்ந்த 90 நாட்களுக்குள் மணம் முடிக்க வேண்டும். இங்கேயே தாலி கட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போம். மனைவிக்குரிய விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுப் புதுமணப்பெண் தாய்வீட்டில் பல மாதங்கள் காத்திருக்க நேரும். பிரித்தானியாவுக்கு மனைவியை அழைத்துக்கொள்ள விரும்புபவர் ஆண்டொன்றுக்கு 29,000 பவுன் வருமானம் காட்ட வேண்டும் என 2024 ஏப்ரலில் விதி இறுக்கப்பட்டது. அதற்கு முன் அது 18,600ஆக இருந்தது. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி இந்தியக் குடிமகனை மணந்து இங்கே வாழ வந்தால் அவளுக்கும் தனியாக நுழைவு விசா உண்டு. ஆக, ஒரே மணம், ஒரே இருவர். ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரியின் முன் அவள் 'மனைவி'யா, 'மணமகளாகப் போகிறவளா' என்பதை முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இக்கேள்வி கடவுச்சீட்டுகளைவிட மூத்தது. நம் மறைநூலில் தோபித்து ஆகமத்தை வாசிப்போர், இளைஞர் தோபியா நினிவேயிலிருந்து மேதியா நாட்டு எக்பத்தானா வரை நடந்து சென்று சாராவை மணந்த கதையை அறிவர். மீனின் பித்தையும் வானதூதர் இரபேலையும் நினைவில் வைத்திருக்கும் நாம், இடையில் வரும் சிறு செய்தியொன்றைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். பெண்ணின் தந்தை இரகுவேல், மகளின் கையைப் பிடித்துக் கொடுத்த கையோடு, மனைவியை அழைத்து ஏடு கொண்டுவரச் சொல்லி, மண ஒப்பந்தத்தை எழுதுகிறார். உறவினர் வீடாயினும், வேற்றூருக்குப் பெண்ணை அனுப்பும் தகப்பனுக்கு எழுத்து வேண்டியிருந்தது. அந்த எழுத்து பெண்ணின் காவலுக்காக எழுதப்பட்டது. இதை நினைவில் இருத்திக்கொண்டால் பின்னே சொல்லப்போவது விளங்கும்.

திருச்சபையும் மணத்தை ஏட்டில் ஏற்றியது இக்காரணத்தாலேயே. 1563 நவம்பரில் திரிதெந்தீன் பொதுச்சங்கம் 'தமேத்சி' என்னும் ஆணையால், பங்குக் குருவும் இரு சாட்சிகளும் முன்னிற்காத மணம் செல்லாது என்று விதித்தது. ஓலை மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும், பங்குக் குரு திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஓர் ஊரில் மனைவியை விட்டுவிட்டு, அவள் உயிரோடிருக்கையிலேயே வேறோர் ஊரில் இன்னொருத்தியை மணந்து திரியும் நாடோடிகளைப் பற்றி அந்த ஆணையில் தனியாகவே ஒரு பகுதி உண்டு. நிலையான இருப்பிடமில்லாதாரின் திருமணத்தை மேற்றிராணியாரின் அனுமதியின்றி நடத்தலாகாது என்று இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 1071ஆம் விதியும் கூறுகிறது. துபாயிலிருந்து வந்த மணமகனிடம் அங்குள்ள பங்கின் தடையில்லாச் சான்றைக் கேட்கும்போது, "இதென்ன சாமி, விசா ஆபீசைவிட மோசமாக இருக்கிறீர்களே" என்று முணுமுணுப்பவர் உண்டு. நாம் கேட்பதும் ஏடுதான், எல்லைக்காவலர் கேட்பதும் ஏடுதான் என்பது உண்மையே. ஆனால் யாரைக் காக்க அந்த ஏடு கேட்கப்படுகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு தமிழர் வரலாற்றில் ஒருமுறை நெருப்பாகவே எரிந்தது. அதைச் சற்று விரிவாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டினப்பாக்கத்துக் கரையில் நின்று வடக்கே நோக்கினால் சாந்தோம் பேராலயத்தின் கோபுரமும், அதற்கப்பால் மெரினாவும், தொலைவில் துறைமுகத்துக் கப்பல்களும் தெரியும். 1860இல் அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைப் பிளந்துகொண்டு ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்படித்தான் அவ்வாண்டு அக்டோபரில் 'ட்ரூரோ' என்னும் கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் கூட்டம் அது. 1911இல் அந்த ஏற்பாடு நிறுத்தப்படும்வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களிடையே நம் மறையைச் சேர்ந்தோரும் இருந்தனர். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த சபோன் அடிகளார் டர்பனில் இந்தியக் கத்தோலிக்கரிடையே உழைத்ததை அந்நாட்டுத் திருச்சபை இன்றும் நன்றியோடு நினைக்கிறது.

கப்பலில் ஆண்களே மிகுதி, பெண்கள் குறைவு. கூலிக்காலம் முடிந்து அங்கேயே தங்கிவிட்டவனும், சொந்தச் செலவில் வணிகம் செய்யப் போனவனும் பெண்ணெடுக்க ஊரையே நோக்கினர். தஞ்சைச் சீமையிலோ வடார்க்காட்டிலோ தாலி கட்டி, மனைவியை அழைத்துக்கொண்டு மீண்டும் கப்பலேறுவது வழக்கமாயிற்று. தென்னாப்பிரிக்க அரசுக்கோ இந்தியர் பெருகுவது பிடிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. பின்னர் மனைவியருக்கும், 16 வயதான ஆண்பிள்ளைக்கும், 13 வயதான பெண்பிள்ளைக்கும் அவ்வரி நீட்டப்பட்டது. நாலு பேருள்ள ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுன்! குடியேற்றச் சட்டங்களில் ஒரு சிறு கதவு மட்டும் திறந்திருந்தது. அங்கே நிலையாகக் குடியிருக்கும் ஒருவன் தன் மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கதவை மூட யாரும் புதுச் சட்டம் இயற்ற வேண்டியிருக்கவில்லை. 'மனைவி' என்னும் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னதே போதுமானதாயிற்று. 1913 மார்ச் 14ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் கேப் பிரிவில், நீதிபதி செர்ல் என்பவர் ஒரு தீர்ப்பை வழங்கினார். ஹசன் ஈசப் என்னும் இந்தியர், தாம் இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி மணந்த பாய் மரியம் என்னும் தம் மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதி கோரிய வழக்கு அது. பலதார மணத்துக்கு இடங்கொடுக்கும் சமயத்தின்படி நடந்த திருமணம் இந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணமன்று என்று நீதிபதி கூறினார். கிறிஸ்தவ முறைப்படியோ, சட்டம் ஏற்ற பதிவு அதிகாரியின் முன்போ நடந்திராத மணம் எதுவும் செல்லாதென்பது அதன் விளைவு. ஒரே நாளில் இந்து, இசுலாமிய, பார்சி சமயத்துப் பெண்கள் அனைவரும் சட்டப்படி மனைவியர் அல்லர் என்றாயினர். அவர்தம் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டங்கண்டது. ஐயர் ஓத, அக்கினி சாட்சியாக, ஊரார் வாழ்த்தத் தாலி கட்டிய தமிழ்ப்பெண்ணிடம் காட்டுவதற்கு ஏடு ஏது?

தீர்ப்பின் சொற்களால் ஒரு வகுப்பாருக்கு மட்டும் கேடில்லை. அவர்கள் நம்மவர், கோயிற்பதிவேட்டில் கையெழுத்திட்டு மணந்த கிறிஸ்தவத் தமிழர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 'கிறிஸ்தவ மணம்' என்ற பெயரால் பிறர் மணங்களைத் தள்ளியது கிறிஸ்தவத்தின் போதனைதானா? அத்தகைய சிந்தனையின் வேர், 1866இல் இங்கிலாந்தில் ஹைட் என்பவரின் வழக்கில் எழுதப்பட்ட ஓர் இலக்கணத்தில் இருக்கிறது. கிறிஸ்தவ உலகம் விளங்கிக்கொண்டிருக்கும் மணமே மணம், மற்றது நம் நீதிமன்றத்தின் உதவிக்கு உரியதன்று என்பதே அதன் சாரம். குருமடத்தில் திருமண இயல் படித்த எவரும் இதைக் கேட்டால் புருவத்தை உயர்த்துவர். ஏனெனில், திருச்சபை இதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே மறுமொழி சொல்லிவிட்டது. 1201இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட், திபேரியாவின் ஆயருக்கு எழுதிய கடிதத்தில், திருமுழுக்குப் பெறாதோரின் திருமணமும் மெய்யான திருமணமே என்னும் அடிப்படையிலேயே தீர்வு கூறுகிறார். மனம் திரும்பியவர்களின் பழைய மணத்தைத் திருமுழுக்கு கலைப்பதில்லை என்பது அவருடைய முடிவு. 1880இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 'அர்க்கானும்' என்னும் சுற்றுமடலில், மணவாழ்வில் இயல்பாகவே புனிதமானதொன்று உண்டு, அது மனிதர் சேர்த்ததன்று, படைப்பிலேயே வந்தது என்று விளக்கி, தம் முன்னோராகிய இன்னொசென்ட்டையும் ஒனோரியுசையும் சான்றுக்கு அழைக்கிறார். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் ஏழாம் அதிகாரமும் இதையே முன்கொண்டு பேசுகிறது. நம்பிக்கையற்ற கணவனோடு வாழும் நம்பிக்கையுள்ள மனைவியை அவர் மனைவியென்றே அழைக்கிறார்.

பலதார மணத்தைத் திருச்சபை ஏற்கவில்லை, அது வேறு. ஒருவனுக்கு ஒருத்தியாய் வாழ்ந்த ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களை, 'உங்கள் சமயம் இரண்டாவது மனைவிக்கு இடங்கொடுக்கிறதே' என்று காரணம் சொல்லிக் கலைப்பது நீதியன்று. நீதிபதி கிறிஸ்துவின் பெயரைக் கொண்ட சொல்லை எடுத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்தார் என்பதே நம் கணிப்பு. இதைக் கடுமையான சொல் என்று வாசகர் எண்ணினால் எண்ணட்டும்.

அப்போது நடந்தவற்றைத் தம் 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' நூலில் காந்தியடிகள் விரிவாகவே எழுதியிருக்கிறார். அரசு விண்ணப்பங்களுக்குச் செவிசாய்க்கவில்லை. அதுவரை சிறைக்கு அனுப்பத் தயங்கிய பெண்களைப் போராட்டத்தில் சேர்ப்பதென்று அவர் முடிவு செய்தார். மற்றவர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட கஸ்தூரிபாய், தம்மை ஏன் கேட்கவில்லை என்று வினவித் தாமாகவே முன்வந்தார். போராட்டத்தின் வடிவம் எளிமையானது. அக்காலத் தென்னாப்பிரிக்காவில் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகவும் இந்தியருக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டின்றி எல்லையைக் கடப்பது, கைது செய்தால் சிறைக்குப் போவது, இவ்வளவே. உன் எல்லை என் மணத்தை மறுக்கிறதா, அப்படியானால் அந்த எல்லையிலேயே வந்து நிற்கிறேன் என்று சொல்வது போன்றது அது.

1913 செப்டம்பரில் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து பதினாறு பேர் நேட்டாலைக் கடந்து டிரான்ஸ்வாலின் வோக்ஸ்ரஸ்ட் எல்லைக்குச் சென்றனர். கஸ்தூரிபாயும் வேறு மூன்று பெண்களும் அதில் இருந்தனர். செப்டம்பர் 23 அன்று அனைவருக்கும் மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அந்தப் பதினாறு பேரின் பட்டியலைப் படிக்கையில் ஒரு பெயர் நம் கண்ணை நிறுத்திற்று: சாலமோன் இராயப்பன். இராயப்பர் என்று பேதுருவை அழைப்பது நம் தமிழ்க் கிறிஸ்தவ மரபு. அதே குடிப்பெயருடைய இன்னொருவர் சூசை இராயப்பன். ஆங்கில ஏடுகளில் ஜோசப் ராயப்பன். ஒப்பந்தக் கூலிகளின் மகனாய் நேட்டாலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பட்டமும் வழக்கறிஞர் தகுதியும் பெற்று, ஐரோப்பிய நடையுடையில் வாழ்ந்தவர். 1910இலேயே சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்றதோடு, டால்ஸ்டாய் பண்ணையின் எளிய வாழ்வையும் ஏற்றார். இராயப்பன் என்ற பெயர் கொண்டோருக்குச் செர்லின் தீர்ப்பு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் மனைவியர்தாம். கதவு திறந்தே இருந்தது. இருந்தும் சாலமோன் எல்லையில் போய் நின்றார்.

மறுபுறம், டிரான்ஸ்வாலிலிருந்து பதினொரு பெண்கள் புறப்பட்டனர். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர். தம்பி நாயுடுவின் மனைவி, முருகேச பிள்ளையின் மனைவி, பெருமாள் நாயுடுவின் மனைவி என்று கணவன் பெயரால்தான் ஏடுகள் அவர்களைக் குறிக்கின்றன. யாருடைய மனைவி என்பதே வழக்காயிருந்த நாளில், அப்படிக் குறிக்கப்பட்டதிலும் ஒரு பொருத்தம் இருக்கிறது போலும். சிலர் கைக்குழந்தையோடு வந்தனர். முதலில் பிரீ ஸ்டேட் எல்லையைக் கடந்தனர், போலீசார் கண்டுகொள்ளவில்லை. உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றனர். அப்போதும் கைது செய்யவில்லை. பிறகு நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நகரின் நிலக்கரிச் சுரங்கங்களை அடைந்து, அங்கிருந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளரிடம் மூன்று பவுன் வரியின் கொடுமையைச் சொல்லி, வேலையை நிறுத்தச் செய்தனர். அரசு விழித்துக்கொண்டது. அக்டோபர் 21 அன்று கைதாகி, மூன்று மாதத் தண்டனையோடு மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

சுரங்கத் தொழிலாளரை முதலாளிகள் குடியிருப்புகளிலிருந்து விரட்டினர். மனைவி மக்களோடு மூட்டைமுடிச்சுகளைத் தலையில் சுமந்து அவர்கள் தெருவுக்கு வந்தனர். நகரத்து இந்திய வணிகருக்கு அரசிடம் அச்சம். போராட்டத்தாரை வீட்டில் சேர்க்க அவர்கள் துணியவில்லை. அப்போது கதவைத் திறந்தது லாசரஸ் என்னும் கிறிஸ்தவத் தமிழரின் குடும்பம். சிறு நிலமும், இரண்டு மூன்று அறைகள் கொண்ட வீடும்தான் அவர்களுடைய சொத்து. ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தோர். காந்தியும் அவ்வீட்டில் தங்கினார். ஆள் வருவதும் போவதுமாய் அடுப்பு அணையாத சத்திரமாயிற்று அந்த வீடு. ஏழைகளுக்கு இழக்க ஒன்றுமில்லாததால் அச்சமும் இல்லை என்பது போல் காந்தி அவர்களைப் பற்றி எழுதுகிறார். நாம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வோம். மூன்று பவுன் வரி லாசரசின் உறவினரைத் தொட்டது. திருமணத் தீர்ப்போ அவரைத் தொடவில்லை. ஆயினும் அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்துக் கதவில் நின்று கணக்குக் கேட்கவில்லை. செல்வன் வீட்டு வாயிலில் கிடந்த லாசரின் உவமையை ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கும் நம்மவர் நன்கறிவர். இங்கே வாயில் லாசருடையது.

நவம்பர் 6ஆம் நாள், 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்லஸ்டவுனிலிருந்து நடந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். வழியில் இரு தாய்மார் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தனர்; ஒன்று குளிராலும் வெயிலாலும், மற்றொன்று ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி விழுந்தும் இறந்தன. அழுது நிற்காமல் அத்தாய்மார் தொடர்ந்து நடந்தனர் என்கிறது வரலாறு.

இப்போராட்டத்தில் தமிழகம் மறவாத பெயர் வள்ளியம்மை. தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடியைச் சேர்ந்த பெற்றோருக்கு ஜோகன்னஸ்பர்க்கில் 1898 பிப்ரவரி 22இல் பிறந்தவர். தாயோடு போராட்டத்தில் இறங்கி, சிறை சென்று, கடுங்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள், தம் பதினாறாம் பிறந்தநாளிலேயே மறைந்தார். மணமாகாத சிறுமி அவர். சட்டம் பறித்த 'மனைவி' என்னும் பெயர் அவருக்கு இன்னும் வந்திருக்கவுமில்லை. 1915இல் காந்தி தில்லையாடிக்கே வந்து அம்மண்ணை வணங்கிச் சென்றார். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகம் அமைந்த கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். நம் பங்குப் பெண்கள் பலர் கூறைப்புடவை எடுக்க அங்கே போவதுண்டு. வாசலில் உள்ள பெயரை நின்று படிப்பவர் எத்தனை பேரோ.

1914 ஜனவரியில் சார்லஸ் ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலிக்கன் குரு, நண்பர் பியர்சனோடு டர்பனில் வந்திறங்கிச் சமரசப் பேச்சுக்குத் துணைநின்றார். நீதிபதி சாலமன் தலைமையிலான விசாரணைக் குழு, வரியை நீக்கவும் மணங்களை ஏற்கவும் பரிந்துரைத்தது. அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. சமயம் எதுவாயினும் ஒருவனுக்கு ஒருத்தியாய் அமைந்த மணம் ஏற்கப்பட்டது. இந்திய சமயங்களின் குருமாரும் திருமணப் பதிவாளராக நியமனம் பெறலாயிற்று. ஜூலை 18இல் காந்தி அந்நாட்டை விட்டுப் புறப்பட்டார்.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ஆனால் கதவு திறந்தே இருந்துவிடவில்லை. நிறவெறி அரசு 1953இல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, அவ்வாண்டு பிப்ரவரி 10க்குப் பின் வெளிநாட்டில் மணந்த இந்திய மனைவியரை உள்ளே விடுவதில்லை என்று விதித்தது. இந்த முறை மணம் செல்லாது என்று சொல்லவில்லை. மணம் செல்லும், மனைவி வரலாகாது! நாற்பது ஆண்டுகளில் அரசுகள் கற்றுக்கொண்ட பாடம் அது. தமிழகத்துக்கும் டர்பனுக்கும் இருந்த கொள்வினை கொடுப்பினை அத்தோடு அறுந்தது என்றே சொல்லலாம்.

இங்கிலாந்து கற்ற பாடம் இன்னும் இழிந்தது. எழுபதுகளில் அந்நாட்டு விதிப்படி, மனைவியாகச் செல்பவள் முன்கூட்டியே அனுமதிச்சான்று பெற்று, நெடுங்காலம் வரிசையில் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் மணக்கப்போகிறவளாகச் செல்பவளுக்கு அது தேவையில்லை. நம்மிடம் இளையோர் கேட்கும் அதே கேள்விதான் அன்றைக்கும். 1979 ஜனவரி 24ஆம் நாள், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயதுடைய இந்திய ஆசிரியை ஒருவர் தம் வருங்காலக் கணவரைச் சேர வந்திறங்கினார். இவள் முன்பே மணமானவளாயிருப்பாளோ என்று ஐயுற்ற அதிகாரிகள், அவளுடைய கன்னிமையை மருத்துவரைக் கொண்டு சோதித்தனர். கார்டியன் நாளேடு செய்தியை வெளியிட்டதும் உலகம் அதிர்ந்தது. இந்தியாவில் பெருங்கண்டனம் எழுந்தது. அந்தச் சோதனையும் நிறுத்தப்பட்டது. ஒருமுறை மட்டும் நடந்த தவறு என்று அன்று சொல்லப்பட்டது. 2011இல் ஆய்வாளர் இருவர் அரசு ஆவணங்களைத் தேடி, துணைக்கண்டத்தில் எண்பது பெண்களேனும் இவ்வாறு சோதிக்கப்பட்டதை வெளிக்கொணர்ந்தனர். 1913இல் 'உன்னிடம் ஏடு இல்லை, எனவே நீ மனைவியல்லள்' என்றது ஓர் அரசு. 1979இல் 'நீ மனைவியாகவே இருக்கக்கூடும், எனவே உன் உடலே ஏடாகட்டும்' என்றது மற்றோர் அரசு.

ஆகவே இளையோர் கேட்கும்போது நாம் சொல்வது இதுதான். எது சீக்கிரம் என்பதை விசா விதி தெரிந்தவரிடம் கேளுங்கள். எது உண்மையோ அதையே எழுதுங்கள். மணமான பிறகு, மணமாகவில்லை என்று எழுதித்தர நம்மிடம் கேட்காதீர்கள். கோயில் சான்றோடு நின்றுவிடாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துகொள்ளுங்கள். தூதரகங்கள் அதைத்தான் முதலில் கேட்கின்றன. பெற்றோர் சிலர், சடங்கை இங்கும் சட்டத்தை அங்குமாகப் பிரித்துக்கொண்டால் என்ன என்று கேட்கின்றனர். கோயிலில் கொடுத்த வாக்கே மணம். அதை ஒத்திகையாக வைத்துக்கொள்ள முடியாது.

அயல்நாட்டு அரசுகளையே குறைசொல்லிக்கொண்டிருப்பதும் நேர்மையாகாது. நம் வீட்டுக் கதவையும் பார்க்க வேண்டும். 1983 முதல் படகேறி வந்த ஈழத்தமிழர், தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்து வருகின்றனர். 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. அங்கே வளர்ந்த பெண்ணுக்கும் இங்குள்ள இளைஞனுக்கும் மணம் நடப்பது புதிதன்று. அத்தகையோரின் பெயர்கள் நம் கோயிற்பதிவேடுகளிலும் உண்டு. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, இந்தியரை மணந்து ஏழாண்டுகள் இங்கே வாழ்ந்தவர் பதிவின் வழியாகக் குடியுரிமை பெறலாம் என்கிறது. ஆனால் உயிருக்கு அஞ்சி, கடவுச்சீட்டும் விசாவும் இன்றிப் படகில் வந்தவள் 'சட்டவிரோதக் குடியேறி' என்னும் வகையில் அடங்குகிறாள். அவளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. எந்த விசாவைத் தேர்வது என்னும் கேள்வியே அவளுக்கு எழவில்லை. நள்ளிரவில் அரிச்சல்முனை மணற்றிட்டில் இறங்கியவளிடம் எந்த விசா? 2004 டிசம்பர் 3க்குப் பின் அவளுக்குப் பிறந்த குழந்தை, தந்தை இந்தியராயினும், பிறப்பால் குடியுரிமை பெறுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோருக்குக் கதவு திறந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஓர் ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. தண்டனையில்லை, ஆனால் குடியுரிமையும் இல்லை.

1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த பதிவேட்டைத்தான் இன்னும் நாம் எழுதிவருகிறோம். மணமக்கள் பெயர், வயது, தொழில், இருப்பிடம், தந்தை பெயர் என்று கட்டங்கள் உண்டு. குடியுரிமைக்குக் கட்டம் இல்லை. இருப்பிடம் என்னும் கட்டத்தில் முகாமின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். இலவசச் சட்ட உதவி மையங்களை நாடிச் செல்லும் அந்தத் தம்பதியர்க்கு அதன் படியை எடுத்துக் கொடுப்பதும், கூடவே ஒருவர் போவதும் பங்குப் பேரவைகள் இன்றே மேற்கொள்ளத்தக்க வேலை.